மறுக்கும் உரிமை யாரிடம்? மைக்ரோசாஃப்ட்டும் திறமூலச் சமூகங்களும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கும் திறமூல மென்பொருள் சமூகங்களுக்கும் இடையிலான உறவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு காட்சிகளோடு கதையை முடித்துவிடுகின்றனர். 2001 ஜூனில் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழுக்கு அளித்த நேர்காணலில், அன்று நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். 2014 அக்டோபரில் சத்ய நாதெள்ளா மேடையில் பேசியபோது, மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று பின்திரையில் எழுதியிருந்தது. தலைவர் மாறினார், நிறுவனம் மனம் திருந்தியது என்பது இக்கதையின் சாரம். நூற்றாண்டின் தொடக்கத்தில் திறமூலம் குறித்துத் தாங்கள் எடுத்த நிலைப்பாடு தவறு என்று 2020-இல் நிறுவனத்தின் உயர் பொறுப்பாளரான பிராட் ஸ்மித் ஒப்புக்கொண்டதும் அதற்கு அதிகாரபூர்வ முத்திரையும் விழுந்தது.

இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் விளக்க வேண்டியதை இது விளக்கவில்லை. மனமாற்றம்தான் காரணம் என்றால், நிறுவனத்தின் நடத்தை ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்க வேண்டும். இடத்துக்கு இடம் மாறியிருக்கக் கூடாது. நடந்ததோ வேறு. பால்மர் காலத்திலேயே லினக்ஸ் கெர்னலின் விதிகளுக்கு மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் கட்டுப்பட்டு நடந்தார்கள். நாதெள்ளா காலத்தில், திறமூலம் என்று நிறுவனமே அறிவித்த ஒரு திட்டத்தில் வெளியீட்டுக்குத் தயாராக இருந்த வசதி ஒன்றை ஒரே அறிவிப்பில் வெட்டி எறிந்தது. இந்த வேறுபாட்டைத் தலைவர்களின் குணத்தில் தேடிப் பயனில்லை. ஒரு நிரல்மாற்றத்தை ஏற்கவும் தள்ளவும் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதில்தான் அதைத் தேட வேண்டும். பிறர் வீட்டில் விருந்தாளியாக இருக்கும்போது நிறுவனம் ஒழுங்காக நடந்துகொள்கிறது. தன் வீட்டில் தன் விருப்பப்படி நடக்கிறது. வெளியிட்ட வரிகளின் எண்ணிக்கையும் கையெழுத்திட்ட உரிமங்களும் இந்த வேறுபாட்டைக் காட்டித் தராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1998 அக்டோபர் இறுதியில் திறமூல ஆதரவாளர் எரிக் ரேமண்டின் கைக்குக் கிடைத்து வெளியான மைக்ரோசாஃப்டின் உள்சுற்று அறிக்கையான ‘ஹாலோவீன் ஆவணம்’ இங்கே மறுவாசிப்புக்கு உரியது. பொதுப் பயன்பாட்டில் இருக்கும் நெறிமுறைகளில் தன் சொந்த நீட்டிப்புகளைச் சேர்த்து அவற்றைப் பொதுமையிலிருந்து விலக்கலாம் என்ற அதன் யோசனையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய பகுதி. திறமூல மென்பொருள் வணிக மென்பொருளின் தரத்தை எட்டக்கூடியது; அச்சமும் ஐயமும் பரப்பும் பழைய உத்திகள் இதனிடம் எடுபடாது; எதிரே நிற்பது இன்னொரு நிறுவனம் அன்று, ஒரு செயல்முறை என்று அந்த உள்சுற்று அறிக்கை தெளிவாகச் சொன்னது. எதிரிகளைப் பற்றி ஒரு நிறுவனம் தனக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகளில் இவ்வளவு நேர்மையான நோயறிதல் அரிது. ஆனால் அடுத்த பத்தாண்டுகள் அந்த நோயறிதலுக்கு ஏற்ற மருந்தைத் தேடுவதில் நிறுவனம் தடுமாறியது. 2001-இல் நிறுவனத்தின் உயர் அலுவலர் கிரெய்க் மண்டி முன்வைத்த ‘பகிரப்பட்ட மூலம்’ என்ற கொள்கை அந்தத் தடுமாற்றத்தின் முதல் வெளிப்பாடு. தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர்களும் அரசுகளும் மூலநிரலைப் பார்க்கலாம். பெரும்பாலும் பார்க்க மட்டுமே செய்யலாம்.

பின்னர் வழக்கறிஞர்களின் காலம் வந்தது. 2006 நவம்பரில் நோவெல் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, நோவெலின் லினக்ஸ் வாடிக்கையாளர்கள் மீது காப்புரிமை வழக்குத் தொடர்வதில்லை என்று மைக்ரோசாஃப்ட் உறுதியளித்தது. அப்படியானால் மற்ற லினக்ஸ் பயனர்கள் மீது தொடரலாம் என்றாகிறதே என்று சமூகம் கொதித்தது; சாம்பா திட்டத்தின் முன்னணி நிரலாளர் ஜெரமி ஆலிசன் நோவெலிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ஃபார்ச்சூன் இதழில், திறமூல மென்பொருள் தன் 235 காப்புரிமைகளை மீறுவதாக நிறுவனம் கூறியது. எவை எவை என்ற பட்டியலை மட்டும் வெளியிடவில்லை. 2007 ஜூனில் வெளியான, ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் நோவெல் பாணி ஒப்பந்தங்களைத் தடுக்கும் பிரிவு சேர்ந்தது. ஓர் உரிமத்தின் வாசகத்தை மைக்ரோசாஃப்டின் ஒரு கையெழுத்து மாற்றியது என்றால், இரு தரப்பும் ஒன்றையொன்று எவ்வளவு உற்றுக் கவனித்தன என்பது புரியும்.

அதே சாம்பா திட்டத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையை, வலைப்பின்னலில் ஓடும் தரவுப் பொதிகளைக் கவனித்துக் கவனித்தே ஊகித்து எழுதியவர்கள் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் அவருடன் சேர்ந்தவர்களும். ஆவணங்களைக் கேட்டால் கிடைக்காது. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதத்துடன், இயங்குதிறனுக்கு வேண்டிய தகவல்களைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் மேல்முறையீடு தோற்றது. அந்த ஆண்டு டிசம்பரில், ஒருமுறை மட்டும் 10,000 யூரோ செலுத்திச் சாம்பா தரப்பு அந்த ஆவணங்களைப் பெற்றது. பதினைந்து ஆண்டுகள் ஊகமாக இருந்தது ஒரு கையெழுத்தில் அறிவாயிற்று. 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே ஜிபிஎல் உரிமத்தின்கீழ் சாம்பாவுக்கு நிரல் அனுப்பினார். மனமாற்றக் கதையில் நாதெள்ளா பொறுப்பேற்கும் முன்பே இது நடந்துவிடுகிறது. அதற்கு வழி திறந்தது நீதிமன்றம்.

விருந்தாளி எப்படி நடந்துகொண்டார் என்பதற்குச் சிறந்த சான்று ஹைப்பர்-வி இயக்கிகளின் கதை. 2009 ஜூலையில், தன் மெய்நிகராக்க மேடையில் லினக்ஸ் நன்றாக ஓடுவதற்கான ஏறத்தாழ 20,000 வரி நிரலை ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்கீழ் மைக்ரோசாஃப்ட் கெர்னலுக்கு அளித்தது. வரலாற்றுத் திருப்பம் என்று செய்தியாளர்கள் எழுதினார்கள். பின்னணி அவ்வளவு கம்பீரமானது அன்று: அந்த இயக்கிகளில் ஜிபிஎல் பகுதிகளும் மூடிய பகுதிகளும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருப்பதை வயாட்டா நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீபன் ஹெமிங்கர் கண்டறிந்திருந்தார். உரிம மீறலிலிருந்து வெளியேறுவதற்கு இருந்த கண்ணியமான வழி, முழுவதையும் திறந்துவிடுவதுதான்.

ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. நிரல் நேரடியாகக் கெர்னலுக்குள் நுழையவில்லை. தரம் போதாத இயக்கிகள் காத்திருக்கும் ‘ஸ்டேஜிங்’ பகுதியில் உட்கார்ந்தது. சில வாரங்களிலேயே அப்பகுதியின் பராமரிப்பாளர் கிரெக் குரோ-ஹார்ட்மன், மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் பதில் சொல்வதே இல்லை, இப்படியே போனால் நிரலை நீக்கிவிடுவேன் என்று பகிரங்கமாக எழுதினார். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட கெடு அது. அதன் பிறகே பேட்ச்கள் வரத் தொடங்கின. 2011-இல் வெளியான லினக்ஸ் 3.0-இல் தனிநபர் அளவில் அதிக மாற்றங்களைச் செய்தவர் மைக்ரோசாஃப்டின் கே. ஒய். ஸ்ரீனிவாசன். இந்தத் தகவலை நிறுவனத்தின் தாராளத்துக்குச் சான்றாகப் பலர் காட்டுவதுண்டு. அந்த மாற்றங்களில் பெரும்பங்கு, பிறருடைய மதிப்பாய்வுக்குப் பணிந்து தன் சொந்த இயக்கிகளைச் சீரமைத்தது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இந்தப் பணிவு தெரியாது. 2011 இறுதியிலிருந்து அந்த இயக்கிகள் ஒவ்வொன்றாக ஸ்டேஜிங்கை விட்டுக் கெர்னலின் உரிய இடத்துக்குப் போயின.

இதற்கு மறுமுனையும் உண்டு. 2020 மே மாதம், விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ் நிரல்கள் வரைகலைச் செயலியைப் பயன்படுத்த உதவும் இயக்கி ஒன்றை மைக்ரோசாஃப்ட் கெர்னலுக்கு அனுப்பியது. அதைப் பயன்படுத்தும் மேலடுக்கு நிரல்கள் மூடியவை. விண்டோஸுக்கு வெளியே அந்த இயக்கியால் யாருக்கும் பயனில்லை. வரைகலைப் பகுதியின் பராமரிப்பாளர்கள் ஆட்சேபித்தனர். 2022-இல் மீண்டும் அனுப்பியபோதும் சேர்க்கப்படவில்லை. லினக்ஸ் அறக்கட்டளைக்கு 2016 முதல் உயர்மட்டச் சந்தா செலுத்தும் உறுப்பினர் என்பதோ, தன் மேகச் சேவையான அஷ்யூரில் விண்டோஸை விட லினக்ஸே அதிகம் ஓடுகிறது என்பதோ அந்த மறுப்பை அசைக்கவில்லை. சமூகம் என்ற சொல்லுக்கு இந்த இடத்தில்தான் முழுப் பொருள் இருக்கிறது.

இனி நிறுவனத்தின் சொந்த வீட்டுக்கு வருவோம். 2014 நவம்பரில் டாட்நெட் மேடையின் மையப் பகுதியைத் திறந்துவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சிறு செயல் அன்று அது. வெளியாட்கள் எழுதிய எத்தனையோ மேம்பாடுகள் அந்த மேடையில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் 2021 அக்டோபரில், டாட்நெட் 6 வெளிவரச் சில வாரங்களே இருந்தபோது, ‘ஹாட் ரீலோட்’ என்ற வசதியைக் கட்டளைவரிக் கருவியிலிருந்து எடுத்துவிட்டு விஷுவல் ஸ்டுடியோ 2022-இல் மட்டும் வழங்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. ஓடும் நிரலை நிறுத்தாமலே அதில் செய்த மாற்றத்தைப் பார்க்க உதவும் வசதி அது. முன்வெளியீடுகளில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் எழுதுவோரைக் கைவிட்டு, விலைக்கு விற்கும் கருவியின் பக்கம் தள்ளும் முடிவு என்றே பலரும் அதைப் படித்தார்கள். கூச்சல் எழுந்தது, நீக்கியதை மீட்கும் மாற்றத்தைச் சமூகத்தினரே எழுதி அனுப்பினர், இரண்டு மூன்று நாளில் நிறுவனம் பின்வாங்கி மன்னிப்புக் கேட்டது.

சமூகம் வென்றதற்குச் சான்றாக இந்நிகழ்வைக் காட்டுவோர் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. மனுக் கொடுத்து வெல்வதும் வாக்களித்து வெல்வதும் ஒன்றாகிவிடாது. நிறுவனம் பின்வாங்கியது செய்திகள் கசந்ததால். விதி எதுவும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. அதே மாதத்தில் டாட்நெட் அறக்கட்டளையிலும் நெருக்கடி வெடித்தது: உறுப்புத் திட்டங்கள் சிலவற்றை அவற்றின் பராமரிப்பாளர்களுக்குத் தெளிவாகத் தெரிவிக்காமலே நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப்பில் அறக்கட்டளைக்கு இருந்த கணக்கின்கீழ் கொண்டுவந்திருந்தார்கள். செயல் இயக்குநர் பதவி விலக நேர்ந்தது. தேர்தலில் வந்த இயக்குநர் குழு இருந்தது. ஆனால் டாட்நெட்டின் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்தக் குழுவிடம் ஒருபோதும் இருந்ததில்லை.

டாட்நெட்டை விட நுட்பமானது விஷுவல் ஸ்டுடியோ கோடு. 2015 நவம்பரில் எம்ஐடி உரிமத்தின்கீழ் திறக்கப்பட்ட இந்த நிரல்திருத்தி இன்று உலகெங்கும் நிரலாளர்களின் மேசையில் இருக்கிறது. யாரும் எடுத்து மாற்றலாம், விற்கலாம். உரிமத்தில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மக்கள் பதிவிறக்குவது அந்த மூலநிரலை அன்று. அதிலிருந்து நிறுவனம் தொகுத்து, தன் பெயரும் பயன்பாட்டுத் தரவு சேகரிப்பும் சேர்த்து, தனியுடைமை உரிமத்தில் வெளியிடும் பொதியைத்தான் பதிவிறக்குகிறார்கள். அந்தச் சேர்க்கைகள் இல்லாமல் தொகுத்து வழங்குவதற்கென்றே விஎஸ்கோடியம் என்றொரு திட்டம் தன்னார்வலர்களால் நடக்கிறது. திருத்தியின் உண்மையான மதிப்பு அதன் நீட்சிகளில் இருக்கிறது. நீட்சிகள் கிடைக்கும் சந்தையின் விதிகளோ அவற்றை மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ குடும்பத்துக்கு வெளியே பயன்படுத்த இடம் தருவதில்லை. ஆகவே இதே மூலநிரலிலிருந்து பிரிந்து வளர்ந்த திருத்திகள் எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற மாற்றுச் சந்தையை நாடுகின்றன.

நீட்சிகளுக்குள்ளும் ஒரு படிநிலை உண்டு. பைத்தான் மொழிக்கான பழைய மொழிச்சேவை திறந்த மூலமாக இருந்தது. 2020-இல் அதற்குப் பதிலாக வந்த பைலன்ஸ், திறந்த மூலமான பைரைட்டை உள்ளே வைத்துக்கொண்டு மேலே மூடிய அடுக்கைப் போர்த்தியிருக்கிறது. தொலைவிலுள்ள கணினியில் நிரல் எழுத உதவும் நீட்சிகளும் மூடியவையே. 2025 ஏப்ரலில் சி, சி++ மொழிகளுக்கான நீட்சி, பிரிகிளைத் திருத்திகளில் ஓட மறுக்கத் தொடங்கியது. உரிமத்தில் அந்தத் தடை முன்பே எழுதப்பட்டிருந்தது. அதுவரை அதை யாரும் அமல்படுத்தவில்லை. கர்சர் போன்ற செயற்கை நுண்ணறிவுத் திருத்திகள் நிறுவனத்தின் நிரலெழுதும் உதவிச் சேவையான கோபைலட்டுக்குப் போட்டியாக வளர்ந்த வேளையில் அமலாக்கம் வந்தது. இரண்டுக்கும் தொடர்புண்டு என்பது என் ஊகம். ஆவணச் சான்று என்னிடம் இல்லை. எப்படியிருந்தாலும் ஒன்று தெளிவு: கட்டுப்பாடு நிரலிலிருந்து நிரலைச் சுற்றியுள்ள இடங்களுக்கு நகர்ந்துவிட்டது. தொகுத்த பொதி, வணிகப் பெயர், நீட்சிச் சந்தை, பின்னிருந்து இயங்கும் சேவை ஆகிய இவற்றில் எதையும் திறமூல உரிமம் தொடுவதில்லை. 1998 ஆவணம் கண்டுகொண்ட அந்தச் செயல்முறைக்கு ஓர் இடம் தேவை. நெறிமுறையை வளைப்பதை விட அந்த இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்வது எளிது என்பதை நிறுவனம் இருபது ஆண்டுகளில் கற்றுக்கொண்டது.

இடத்தைச் சொந்தமாக்குவது என்றதும் கிட்ஹப் நினைவுக்கு வரும். 2018-இல் 750 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியபோது சில திட்டங்கள் வேறிடம் போயின. பெரும்பான்மை அங்கேயே தங்கியது. தங்கியவர்களைக் குறை சொல்லக் காரணமில்லை. 2020 அக்டோபரில் இசைத்துறை அமைப்பின் புகாரால், காணொளிகளைப் பதிவிறக்க உதவும் யூடியூப்-டிஎல் திட்டத்தை முடக்கிய கிட்ஹப், அடுத்த மாதமே அதை மீட்டு, நிரலாளர்களின் சட்ட உதவிக்குப் 10 லட்சம் டாலர் நிதியும் ஒதுக்கியது. நல்ல வீட்டுக்காரர் இருக்க முடியும் என்பதை நான் மறுக்கவில்லை.

என் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. மைக்ரோசாஃப்ட் தானே தொடங்கிய சில திட்டங்களில் மறுக்கும் உரிமையைக் கைவிட்டிருக்கிறது. பகிர்நிலைப் பயன்பாடுகளுக்காக 2019-இல் தொடங்கிய டாப்ர் திட்டத்தை 2021-இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. 2018-இல் 60,000 காப்புரிமைகளுடன் ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சேர்ந்து, லினக்ஸுக்கு எதிராக அவற்றை நீட்டும் வாய்ப்பைத் தானே அடைத்துக்கொண்டது. இவை உண்மையான விட்டுக்கொடுத்தல்கள். ஆனால் இரண்டிலும் சூழல் ஒன்றே: வாடிக்கையாளர்கள் பல நிறுவனங்களின் மேகச் சேவைகளில் ஒரே நிரலை ஓட்ட விரும்புகிறார்கள், ஒரு நிறுவனத்தின் பிடியில் இருக்கும் அடித்தளத்தை அவர்கள் நம்ப மாட்டார்கள். எங்கே உரிமையைக் கைவிட்டால்தான் சந்தை கிடைக்குமோ அங்கே நிறுவனம் கைவிடுகிறது. நிரலாளரின் மேசைக்கு அந்த நெருக்கடி வரவில்லை. ஆகவே அங்கே பிடியும் தளரவில்லை. ஆட்சேபம் என் வாதத்தை வீழ்த்தவில்லை என்றாலும், நிறுவனம் எப்போது விருந்தாளியாக இருக்கச் சம்மதிக்கும் என்ற கூடுதல் நிபந்தனையை எனக்குச் சேர்த்துத் தருகிறது.

மறுக்கும் உரிமை காகிதத்தில் இருந்தால் போதுமா என்பதும் கேட்கத்தக்கது. 2024 மார்ச் இறுதியில், எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்து, எக்ஸ்இஸட் என்ற தரவுச்சுருக்க நூலகத்தில் மறைத்துவைக்கப்பட்ட பின்கதவைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். போஸ்ட்கிரெஸ் நிரலாளர், மைக்ரோசாஃப்ட் ஊழியர். அந்த நூலகத்தைத் தனியொருவராகப் பராமரித்தவருக்குக் பின்கதவை நுழைத்தவரை மறுக்கும் அதிகாரம் முழுமையாக இருந்தது. இல்லாமல்போனது ஓய்வும் துணையும். அடுத்த சில நாள்களில், காணொளி, ஒலிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் திட்டத்தார் இன்னொரு செய்தியைப் பொதுவெளியில் வைத்தனர்: தங்கள் நிரலைப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் குழு ஒரு பிழையை அவசரம் என்று பதிவு செய்தது, நீண்டகால ஆதரவு ஒப்பந்தம் கேட்டதற்கு, ஒருமுறைத் தொகையாகச் சில ஆயிரம் டாலர் தருவதாகப் பதில் வந்தது. ஒரே நிறுவனத்தின் ஒரு பொறியாளர் தன் ஆர்வத்தால் உலகைக் காப்பாற்றுகிறார்; அதன் கொள்முதல் நடைமுறையோ, உலகைத் தாங்கும் நூலகத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டத் தெரியாமல் நிற்கிறது. தனிநபர் நல்லெண்ணத்தை நிறுவனத்தின் கணக்கில் வரவு வைப்பதை ஆய்வாளர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

கோபைலட் இந்த விவாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோகிறது. கிட்ஹப்பில் பொதுவில் இருந்த நிரலைக் கொண்டு பயிற்றுவித்த மாதிரியை வைத்து 2021 ஜூனில் முன்னோட்டமாக வெளியான இச்சேவை, அடுத்த ஆண்டில் மாதம் 10 டாலர் கட்டணத்துக்கு வந்தது. 2022 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நிரலாளர்கள் கூட்டாக வழக்குத் தொடர்ந்தனர். பதிப்புரிமைத் தகவலை நீக்கியதாகச் சொன்ன கோரிக்கைகளை நீதிபதி ஜான் டைகர் தள்ளுபடி செய்தார். திறமூல உரிமத்தை மீறியது என்ற ஒப்பந்தக் கோரிக்கை பிழைத்தது. தள்ளுபடியான பகுதி மேல்முறையீட்டுக்குப் போயிற்று. நீதிமன்றம் எப்படி முடித்தாலும் என் கேள்வி வேறு. இதுவரை பார்த்த மறுப்புகள் எல்லாம் ஏதோ ஒன்று உள்ளே வரும்போது எழுந்தவை: ஓர் இயக்கி, ஒரு பேட்ச். பயிற்றுவித்தலில் எதுவும் உள்ளே வருவதில்லை, வெளியே போகிறது. அதை மறுக்கத் திறமூல மரபில் எந்தக் கருவியும் இல்லை. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதே அம்மரபின் அடிப்படை. 2025 ஆகஸ்டில் கிட்ஹப்பின் தலைமைச் செயல் அலுவலர் விலகுவதாக அறிவித்தபோது, கிட்ஹப் இனி மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்குள் இயங்கும் என்பதும் வெளியானது. எதற்காக அந்த இடம் தேவைப்படுகிறது என்பதை நிறுவன வரைபடமே சொல்லிவிட்டது.

உள்ளே வருவதை மறுக்க முடிந்தவர்கள் மறுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில், கோபைலட் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் எழுதப்பட்ட பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று தீர்மானித்தது. அடுத்த மாதம் நெட்பிஎஸ்டி இயங்குதளத் திட்டம், தன் மையக் குழுவின் முன் எழுத்து அனுமதி இல்லாமல் அத்தகைய நிரலைச் சேர்க்கக் கூடாது என்றது. இரண்டுமே சிறியவை, இரண்டுக்கும் சொந்தக் களஞ்சியமும் சொந்த நிர்வாகமும் உண்டு.